பதினேழு மாட்டேன்

யாழினி தன்னிடம் ஒருநாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. கோகிலவாணிக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள இந்த உலகத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

கழுத்தில் கிடந்தது கவரிங். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. குமாரபாளையத்துத் தறிக்கூடம் ஒன்றில் எண்பது தானியங்கித் தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிற வேலை. நெய்வது, மடிப்பது, கட்டுவது எல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். இழை அறுந்து தறி நின்றால், அறுந்ததைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட மட்டும் இன்னும் மனுசி விரல்தான் வேண்டியிருந்தது. நாற்பத்தோரு வயதுக்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன கீல் மாதிரி முனகின. ஆனால் சனிக்கிழமை காலையில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பயிற்சி மையத்துக்குள் நுழைகிறபோது பார்க்க வேண்டும். நடையே வேறாக இருக்கும்.

தங்கச்சி யாழினிக்கு இருபத்துநாலு வயது. பேச்சு வராது. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது மூன்று வயது, அம்மா போய்ச் சேர்ந்தபோது ஏழு. அன்றிலிருந்து அம்மாவும் அக்காவும் கோகிலாதான். மையத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் வீட்டில் செய்தாள். உட்கார் என்றால் உட்கார வேண்டும். கையைக் கட்டு, மூக்கைத் தொடு, என் கண்ணைப் பார். செய்தால் ஒரு துண்டு கடலை மிட்டாய். செய்யாவிட்டால், செய்கிறவரைக்கும் விடக்கூடாது. கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டும். அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முதல் வருசம் அந்தப் பிள்ளை கத்தியது. இரண்டாம் வருசம் முனகியது. அப்புறம் சத்தமே இல்லை. சொன்னது சொன்னபடி நடந்தது.

ஐந்து வருசத்துக்கு முன்னால் சட்டம் ஒன்று வந்தது. பேச்சு வராதவர்களுக்கு அவர்கள் இசைவு இல்லாமல் எந்தப் பயிற்சியும் கொடுக்கக் கூடாது என்று. வாய் இல்லாத பிள்ளையின் இசைவை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் கைப்பட்டை. மணிக்கட்டில் கட்டிவிட்டால் நாடித்துடிப்பையும் வேர்வையையும் பார்த்து, பொட்டு அளவு விளக்கு ஒன்று எரியும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் மாட்டேன். அப்போதே நிறுத்தியாக வேண்டும். மற்ற பிள்ளைகள் கையில் அது சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி அடித்தது. கோகிலா எதிரே உட்கார்ந்தால் யாழினி கையில் பச்சைதான். வேறு நிறம் வந்ததே இல்லை.

"கோகிலாக்காளைப் பார்த்துக் கத்துக்கங்க," என்று ஷப்னம் டீச்சர் மற்ற அம்மாக்களிடம் சொல்லுவார். கோகிலா தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். குனிந்த தலைக்குள் ஊர்வலமே போகும்.

இந்த ராஜாங்கத்துக்குள் எட்டு மாசத்துக்கு முன்னால் தம்பி பொண்டாட்டி வந்து சேர்ந்தாள்.

தம்பி பூவரசன் கட்டிக்கொண்டு வந்தவள் பேர் வர்ஷினி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்குத் திரையைப் பார்த்துக் கணக்குச் சொல்லுகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் தரையில் காலை நீட்டிக்கொண்டு, பொரியோ பப்ஸோ தின்றுகொண்டு, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். மத்தியானம்தான் தலை சீவுவாள். சிரித்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். சத்தம் ஆகாத யாழினி இவள் சிரிப்புக்கு மட்டும் காதைப் பொத்தவில்லை. பூனைக்குட்டி மாதிரி அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"என்ன வசியம் வெச்சாளோ," என்று கோகிலா வெங்காயத்திடம் சொல்லிக்கொண்டு நறுக்கினாள்.

ஒருநாள் காலையில் வர்ஷினி பாலை வடிகட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆடையை எதுக்கு எடுக்கற? சத்தே அதுலதான இருக்குது?"

"யாழுவுக்குங் நங்க," என்றாள் வர்ஷினி. புருசனுடைய அக்காளை அந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆடை கெடந்தாத் துப்பிப் போடுவா. நேத்து என்ற நைட்டி மேலயே துப்பிட்டா, கழுதை." ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரிச் சிரித்தாள்.

"அவளுக்கு ஆடைன்னா உசுரு. பதினேழு வருசமா நாந்தான் குடுக்கறேன். எங்கிட்ட ஒருநாளும் துப்புனதில்லை."

"அப்படிங்களா? அப்ப எங்கிட்டத்தான் ஏழரையக் கூட்டறாளாட்டிருக்குது."

கோகிலா ஆடையோடு ஒரு டம்ளர் ஆற்றி யாழினி வாயருகே கொண்டுபோனாள். யாழினி வாயைத் திறந்தாள். குடித்தாள். கையில் பச்சை. கோகிலா திரும்பி, பார்த்தாயா என்கிற மாதிரி வர்ஷினியைப் பார்த்தாள். வர்ஷினி யாழினியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு நரம்பு இழுத்துக் கட்டின கயிறு போல் நின்றது. அதைக் கோகிலா பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோசத்தில் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த மாசமே பூவரசனுக்குக் கோயமுத்தூரில் வேலை மாற்றலானது. சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, நீயும் ஷிப்டு ஷிப்டா அலையற. யாழுவ நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம். வர்ஷினி வீட்டோடதான் இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒத்தும் போகுது."

"ஒத்துப் போறதை நீ கண்டியா?"

"கண்ணு இருக்குதுல்ல."

"கண்ணை நம்பாத. பட்டையை நம்பு. சட்டப்படி துணையாள்னு ஒருத்தரைப் பதியணும். யாருன்னு அவதான் சொல்லணும். ரெண்டு பேர் பேரையும் குடு. கேக்கட்டும். பட்டை சொல்லட்டும்."

பட்டை என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் புதுப் பட்டை வந்தது.

ஷப்னம் டீச்சர் யாழினி கையில் பழசைக் கழற்றிப் புதுசைக் கட்டினார். பத்துப் பதினைந்து அம்மாக்கள் சுற்றி நின்றார்கள். வர்ஷினியும் பப்ஸ் பொட்டலத்தோடு ஓரத்தில் நின்றாள்.

"அக்கா, வழக்கம்போல நீங்களே ஆரம்பிங்க," என்றார் டீச்சர்.

கோகிலா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யாழு, உக்காரு."

உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. மஞ்சள்.

கோகிலா டீச்சரைப் பார்த்தாள். "கையக் கட்டு. மூக்கைத் தொடு. அக்காளப் பாரு." எல்லாம் செய்தாள் யாழினி. ஒன்றுகூடப் பிசகவில்லை. மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

"ஏனுங் டீச்சர், மஞ்சளுன்னா என்னங்க? மஞ்சக்காமாலையா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சரியும் இல்ல, மாட்டேனும் இல்ல. விட்டுக் குடுத்துட்டா, அவ்வளவுதான். பழைய பட்டை துள்ளலைன்னா பச்சைன்னு எடுத்துக்கிச்சு. இது மூச்சையும் தசை இறுக்கத்தையும் சேர்த்துப் பார்க்குது. மரவட்டையைத் தொட்டாச் சுருண்டுக்குதே, அது சம்மதமா? அந்த மாதிரி."

கோகிலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வர்ஷினி, சும்மா இருக்க மாட்டாமல், "யாழு, இந்தாடி ஒரு வாய்," என்று பப்ஸை நீட்டினாள். பட்டை பளிச்சென்று சிவப்பு அடித்தது. யாழினி அவள் கையைத் தட்டிவிட்டாள். பப்ஸ் தரையில் சிதறியது. "போடி கொழுப்பெடுத்தவளே," என்று சிரித்துக்கொண்டு வர்ஷினி குனிந்து பொறுக்கினாள். யாழினி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சை.

அந்தப் பச்சையைப் பார்த்துக் கோகிலாவின் அடிவயிறு காந்தியது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புகிறபோது, அதைவிட அதிகமாகக் காந்தியது அந்தச் சிவப்பு என்று தெரிந்தது. பச்சையாவது பரவாயில்லை, பப்ஸ் கொடுத்தவளுக்குக் கிடைக்கும். மாட்டேன் என்று தட்டிவிட எவ்வளவு உரிமை வேண்டும்? வயிற்றுப்பிள்ளை மாதிரி வளர்த்தவளிடம் காட்டாத உரிமை, நேற்று வந்தவளிடம்.

அதற்குப் பிறகு வேறு வேலையே ஓடவில்லை. கண் இரண்டும் யாழினியின் மணிக்கட்டிலேயே தொங்கின. வர்ஷினியோ விவரம் இல்லாமல் எரிகிற அடுப்பில் சீமெண்ணெய் ஊற்றினாள்.

"நங்க, இன்னிக்கு எனக்குப் பதினேழு செவப்பு! குளிக்க மாட்டா, பாவாடை மாத்த மாட்டா, என்ற பாட்டு வேண்டாம், சிரிச்சது வேண்டாம். பதினேழுங் நங்க!"

பதினேழு வருசத்தில் தனக்கு ஒன்றுகூட இல்லை. இவளுக்கு ஒரு பகலில் பதினேழு. கோகிலா ஈரத்துணியை உதறின வேகத்தில் கொடிக்கயிறு அறுந்தது.

அவளும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தாள். அதட்டாமல் கொஞ்சினாள், மஞ்சள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள், மஞ்சள். ஒரு மத்தியானம், வர்ஷினி குளிக்கப் போயிருந்தபோது, கொடியில் கிடந்த அவளுடைய கிளிப்பச்சை நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுடைய ரோஸ் பவுடரைக் கழுத்தில் அப்பினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சிரிக்கவும் பார்த்தாள். சிரிப்பு, எண்ணெய் போடாத தறி மாதிரி வந்தது.

யாழினி வந்தாள். மோந்தாள். காலடியில் உட்கார்ந்தாள்.

பச்சை.

ஐந்தாறு மூச்சு இருக்கும். கோகிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சமத்து," என்று வாய் தானாகச் சொன்னது. "அக்காளப் பாரு." அவ்வளவுதான், யாழினியின் முதுகு விறைத்தது. தலை திரும்பிக் கண்ணுக்கு நேராக நின்றது. மஞ்சள்.

வாசற்படியில் ஈரத்தலையோடு வர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கோகிலா அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தாள். சிரித்திருந்தால் நல்ல சண்டையாகப் போயிருக்கும்.

"உங்களுக்கு நல்லா இருக்குதுங் நங்க," என்றாள் வர்ஷினி. "நீங்களே வெச்சுக்கங்க."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மறுநாள் ஷிப்டு முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசியோடு, கோகிலா மையத்துக்குப் போனாள். ஷப்னம் டீச்சர் தனியாக உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்க பட்டை பொய் சொல்லுது டீச்சர்."

"உக்காருங்க அக்கா."

"நான் உக்கார வரல. அவ எங்கிட்டக் கத்தறாளா? ஓடறாளா? சொன்னதெல்லாம் செய்யறா. வாயைத் தொறன்னாத் தொறக்கறா. இதுக்கு மேல சம்மதம்னு எதைச் சொல்லுவீங்க?"

டீச்சர் பேனாவை மூடினார். "உங்க கூடத்துல தறி எப்ப நிக்கும்?"

"இழை அறுந்தா நிக்கும். அதுக்குன்னே கம்பி வெச்சிருக்குது. அறுந்த இழை தொங்குனாக் கம்பி விழும், தறி நின்னுரும்."

"அந்தக் கம்பியை எல்லாம் கழட்டிட்டா?"

"நிக்காம ஓடும். அறுந்தது தெரியாது. கெஜம் கெஜமா ஓட்டைத் துணியா..." கோகிலாவின் வாய் பாதியில் நின்றது. முதல்முதல் வேலைக்குச் சேர்ந்த வருசம், அடிக்கடி நிற்கிறதே என்று ஒரு மேஸ்திரி கம்பிகளைக் கட்டி வைத்தான். அன்றைக்கெல்லாம் தறி ஒரு தடவைகூட நிற்கவில்லை. எவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள். சாயங்காலம் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் கழட்டுனனா?"

"நாம கழட்டுனோம். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. அழுதா முகத்தைத் திருப்பிக்கங்கன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். படிச்சதைச் சொன்னேன்." டீச்சர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "மாட்டேன்னு சொல்லிப் பிரயோசனம் இல்லைன்னு அந்தப் புள்ளைக்கு ஒம்பது வயசுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு. சொன்னா ஒண்ணும் மாறாதுன்னா யாரு சொல்லுவா? வர்ஷினிகிட்டச் சொன்னா மாறுது. அதனால சொல்றா."

"அந்த சோம்பேறிகிட்ட."

"ஆமா. சோம்பேறிதான். ரெண்டாவது வாட்டி வற்புறுத்த அவளுக்குத் தெம்பு இல்ல. அது யாழினிக்கு நல்லதாப் போச்சு."

கோகிலா வெகுநேரம் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம் கடைக்காரனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அந்தச் செவப்பை நான் எப்படி வாங்கறது?"

"வாங்க முடியாதுங்க அக்கா. எதுன்னாலும் கேளுங்க. கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. மஞ்சள் வந்தாச் செய்யாதீங்க."

"வரவே இல்லைன்னா?"

"அப்பவும் செய்யாதீங்க."

"அப்பச் சோறு?"

"சோத்தைப் பக்கத்துல வைங்க. ஊட்டாதீங்க. பசிச்சா எடுப்பா."

பதிவு நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. கோகிலா கேட்க ஆரம்பித்தாள். "யாழு, தலை சீவட்டுமா?" மஞ்சள். சீப்பைக் கீழே வைத்தாள். "வெளக்கெண்ணெய் வெக்கட்டுமா?" மஞ்சள். வைக்கவில்லை. பால் டம்ளரில் ஆடையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள். எத்தனை ஆயிரம் டம்ளர் என்று மனசு கணக்குப் போடப் பார்த்தது. போட விடாமல் எழுந்து கூட்ட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் யாழினியின் தலை குருவிக்கூடாகிவிட்டது.

"என்ன கோகிலா, தங்கச்சிய இப்படிப் போட்டுட்ட?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "போறவதானேன்னு கைய விட்டுட்டியா?"

பூவரசன் நேரடியாகவே எகிறினான். "பதிவுக்கு இப்படியா கூட்டிட்டுப் போவாங்க? பைத்தியக்காரியாட்ட நிக்கறா. புடிச்சு ஒக்கார வெச்சுச் சீவுக்கா. நீ சொன்னா ஒக்காருவால்ல?"

"உக்காருவா. அதனாலதான் சீவல."

அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கே பாதிதான் விளங்கியிருந்தது. மறுபாதி இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நாலாம் நாளிலிருந்து, அவள் கேட்டு நிற்கிற இதே அறையில், வர்ஷினி, "யாழு, சீவலாமாடி?" என்று சீப்பைக் காட்டுவாள். சிவப்பு. "அப்பப் போ, பேன் புடிக்கட்டும்," என்று சிரிப்பாள். மத்தியானம் மறுபடி காட்டுவாள். பச்சை. சீவிவிடுவாள். கோகிலா தறிக்கூடத்திலிருந்து வந்து, படிய வாரின தலையைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போவாள். முகத்தை வெகுநேரம் கழுவுவாள்.

ஏழாம் நாள் ஒரு கெட்ட காரியமும் பண்ணினாள். "உன்ற அம்மாளுக்கு ஒடம்பு சொகமில்லைன்னு யாரோ சொன்னாங்க. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா," என்று வர்ஷினியைக் கோபிக்கு அனுப்பிவிட்டாள். யாரும் சொல்லவில்லை. வர்ஷினி அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அன்று பகல் முழுக்க யாழினி வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோறு தொடவில்லை. பட்டையில் சிவப்பு எரிந்தது. கோகிலா ஆசையாகக் கிட்டே போனாள். கிட்டே போனதும் அது மஞ்சளானது. தள்ளிப் போனாள், சிவப்பு. அந்தச் சிவப்பு கதவுக்கு. கதவுக்குக்கூடக் கிடைக்கிறது.

சாயங்காலம் வர்ஷினிக்கு போன் போட்டாள்.

"அம்மா குண்டுக்கல்லாட்டம் இருக்குதுங் நங்க. யாரு அப்படிச் சொன்னது?"

"நாந்தான். பொய் சொன்னேன். வந்துரு."

"சரிங் நங்க. வரும்போது பால்கோவா வாங்கிட்டு வரட்டுங்களா?"

"உனக்கு வேணும்னா வாங்கிக்க," என்று போனை வைத்தாள் கோகிலா. இவளை வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று இருந்தது.

பதிவு நாள் வந்தது. மையத்தின் சின்ன அறையில் யாழினிக்கு ஒரு நாற்காலி, எதிரே ஓர் ஆள் உட்கார ஒரு பெஞ்சு, ஓரத்தில் அதிகாரிக்கு மேசை. இருமலோடு ஒல்லியாக ஒருத்தர். படங்கள் வைத்திருந்தார்: குமாரபாளையத்து வீடு, கோயமுத்தூர் வீடு, கோகிலா, வர்ஷினி. ஒவ்வொருத்தரையும் மூன்று தடவை கேட்க வேண்டும், அதுதான் விதி.

வர்ஷினி முதலில் உட்கார்ந்தாள். அதிகாரி படங்களை யாழினி முன்னால் வைத்தார். "இவங்ககூடப் போய் இந்த வீட்டுல இருக்கியாம்மா?"

கோகிலா சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பச்சையைப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை. அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தாள்.

சிவப்பு.

மறுபடி கேட்டார். சிவப்பு. மூன்றாவது தடவை யாழினி கோயமுத்தூர் வீட்டுப் படத்தைக் கையால் தள்ளி மேசைக்குக் கீழே போட்டாள். வர்ஷினி பழக்கத்தில், "போடி," என்று சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பிலேயே எழுந்து போய் பூவரசன் பக்கத்தில் நின்றாள்.

கோகிலா உட்கார்ந்தாள்.

"உங்க அக்காகூட இந்த வீட்டுல இருக்கியாம்மா?"

மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

அதிகாரி இருமிவிட்டு எழுதினார். "ஒண்ணு மாட்டேன்னு இருக்கு. இன்னொண்ணு பதிலே இல்லை. மஞ்சளைப் பதிலா எடுத்துக்கக் கூடாது. இப்படி வந்தா அரசு இல்லத்துலதான் சேர்க்கணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேப்போம்."

"இல்லமா?" என்றான் பூவரசன். "அறுபது பேரு கெடக்கற எடத்துலயா? சத்தத்துலயே செத்துருவா சார்."

"நான் என்னங்க பண்றது? விதி."

கோகிலா யாழினியின் மணிக்கட்டைப் பார்த்தபடி இருந்தாள். தான் எதிரே இருக்கிறவரை அந்தப் பிள்ளை சுருண்டேதான் கிடக்கும் என்று பட்டது. அறையில் தான் நிற்பதனாலேயே வர்ஷினிக்கும் சரியான பதில் வரவில்லையோ என்றும் பட்டது. எட்டு மாசமாக வயிற்றுக்குள் எரிந்ததை அப்படியே எச்சில் விழுங்குகிற மாதிரி விழுங்கினாள்.

"சார், நான் வெளிய போயர்றேன். அதுக்கப்புறம் வர்ஷினியை இன்னொருவாட்டி கேளுங்க. அவகிட்டச் சரின்னு சொல்லுவா."

"நங்க, வேண்டாங்..." என்றாள் வர்ஷினி.

"சும்மா இரு. இல்லத்துக்குப் போறதுக்கு உங்கூட இருக்கட்டும்." பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் முனகியது. எழுந்தவள், ஒன்பது நாள் பழக்கத்தில், நின்று கேட்டாள்.

"யாழு. அக்கா வெளிய போகட்டுமா?"

மஞ்சள்.

கேட்டுவிட்டால் நிற்க வேண்டும். நின்றாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பூவரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷப்னம் டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். யாழினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளக்கு நடுங்கியது, அணைகிற மாதிரி மங்கியது, மறுபடி ஏறியது. கோகிலா போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் சும்மா நின்றது கிடையாது.

யாழினியின் வலது கால் நகர்ந்து வந்து, கோகிலாவின் பாதத்தின் மேல் ஏறி அழுத்தியது.

விளக்கு சிவந்தது.

கோகிலா குனிந்து பார்த்தாள். எத்தனையோ நாள் அடுத்தவள் சொத்தாகப் பார்த்து வயிறெரிந்த அந்தச் சிவப்பு, தனக்கென்று, பொட்டு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போக வேண்டாம்னு சொல்லுது. ஆனா கூட இருக்கறதுக்குச் சரின்னு சொல்லலியே. படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லீங்களே."

"கீழ வெள்ளை எடம் இருக்குது சார்," என்றார் ஷப்னம் டீச்சர். "அதுல எழுதுங்க. அக்காவை மாட்டேன்னு சொல்ல முடியுதுன்னு எழுதுங்க. துணையாளுக்கு அதைவிட என்ன தகுதி வேணும்?"

அவர் யோசித்தார், இருமினார், எழுதினார். "மூணு மாசத்துக்கு இப்படியே அக்காகூட இருக்கட்டும். அப்புறம் வந்து கேப்பேன். அன்னிக்கு மாட்டேன்னா மாட்டேன்தான்."

"கேளுங்க," என்றாள் கோகிலா. "அவ சொல்லுவா."

அதிகாரி காகிதங்களைக் கட்டிக்கொண்டு போனார். பூவரசன் வண்டி பார்க்கப் போனான். வர்ஷினி கதவோரமாகவே நின்றாள். சிரிப்பைக் காணோம்.

"எனக்கு எத்தனை செவப்பு விழுந்திருக்குது நங்க," என்றாள். "குளிக்காத, சீவாத, பாடாத, தொடாத. போகாதன்னு ஒண்ணுகூட விழுகல."

குரலில் என்ன இருந்தது என்று கோகிலாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு மாசம் அதையே தின்று, அதையே உடுத்திப் படுத்தவள் அவள்.

இரண்டு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. இப்போது கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

"யாழு, வீட்டுக்குப் போலாமா கண்ணு?"

கேட்டு முடிப்பதற்குள் சிவப்பு.

"சரி," என்று கோகிலா மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.